அலைக்காய்ச்சல் – 4: வாசலுக்கே வந்த ஆடு

1886-ல் மால்டாத் தீவில் காய்ச்சல் கண்டு இறந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் மண்ணீரலில், புள்ளி புள்ளியாக ஒரு கிருமி கிடப்பதைப் பார்த்தார் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ். மால்டாக்காரரான மருத்துவர் கருவானா ஷிக்லூனாவின் ஒத்தாசையோடு அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, 1887-ல் உலகுக்கு அறிவித்தார். பத்தாண்டு கழித்து லூயிஸ் ஹியூஸ் என்ற இன்னொரு ராணுவ மருத்துவர் அந்த நோயைப் பற்றி ஒரு பெரிய நூலையே எழுதினார். காய்ச்சல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதனால் அலைக்காய்ச்சல் என்று பெயர் வைத்தார். 1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கொலென்சோ போர்க்களத்தில் ஹியூஸ் உயிரிழந்ததோடு சென்ற பகுதியை முடித்திருந்தோம்.

கிருமி கையில் இருந்தது. நோயின் போக்கும் ஏட்டில் இருந்தது. அந்தக் கிருமி மனிதனுக்குள் எந்த வழியாகப் போகிறது?

1887-ல் எழுந்த கேள்வி. 1904 வரை பதில் இல்லை.

*

மால்டாவின் கோட்டைகளிலும் துறைமுகத்திலும் இருந்த பிரிட்டிஷ் படையை இந்தக் காய்ச்சல் உயிரை எடுத்துக் கலங்கடித்ததைவிட, ஆளைக் கிடத்திக் கலங்கடித்தது என்பதே சரி. நூறு பேருக்கு வந்தால் இரண்டு மூன்று பேர் இறந்திருப்பார்கள். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஆனால் எப்படிப் பிழைத்தார்கள்?

ஒரு சிப்பாய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் வெளியே வர மூன்று மாதம் சாதாரணமாக ஆகும். மாலையில் காய்ச்சல் ஏறும். விடியற்காலையில் படுக்கை நனையும் அளவுக்கு வேர்த்துக் கொட்டி இறங்கும். ஒரு வாரம் காய்ச்சல் விட்டுவிட்டது போலிருக்கும். ஊருக்குக் கடிதம் எழுதுவான். மறு வாரம் மீண்டும் ஏறும். இடுப்பு வலிக்கும். முழங்கால் வீங்கும். சிலருக்கு விரை வீங்கும். எதிலும் மனம் ஒட்டாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். கடைசியில் பலரை இங்கிலாந்துக்கே கப்பல் ஏற்றி அனுப்பிவிட வேண்டியிருந்தது.

மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் கடற்படைக்கு மால்டாதான் தலைமை இடம். சூயஸ் வழியாக இந்தியாவுக்குப் போகும் பாதையைக் காக்கும் கப்பல்கள் அங்கேதான் நின்றன. கப்பல் தயார், பீரங்கி தயார், மாலுமி மட்டும் படுக்கையில் என்றால் லண்டன் பொறுக்குமா?

1904-ல் கடற்படைத் தலைமையகமும் போர் அமைச்சகமும் மால்டா அரசும் சேர்ந்து கேட்டுக்கொள்ள, லண்டன் ராயல் சொசைட்டி ஒரு ஆணையத்தை அமைத்தது. தலைவர் டேவிட் புரூஸ். தீவின் மக்களும் அதே காய்ச்சலில் தலைமுறை தலைமுறையாகப் படுத்து எழுந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்காக மட்டும் இப்படியொரு ஆணையம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

*

ஆணையத்தில் தரைப்படையிலிருந்து ஹாராக்ஸ், கென்னடி, கடற்படையிலிருந்து ஷா என ஆங்கிலேய மருத்துவர்கள் இருந்தார்கள். மால்டா அரசின் சார்பில் ஒருவர்: தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட்.

அப்போது அவருக்கு நாற்பது வயது. வலெட்டாவில் பிறந்தவர். பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளோடு மாரடிப்பவர். இன்னொரு கிறுக்கும் உண்டு: பழம்பொருள். தீவின் வரலாற்றுக்கு முந்தைய கோயில்களைத் தோண்டி எடுத்தவர்களில் முதன்மையானவர் என்று பிற்காலத்தில் இவரைத்தான் உலகம் கொண்டாடியது. தார்ஷியன் கோயில்களை அகழ்ந்தவர் இவரே.

ஆணையம் முதலில் எங்கே தேடியது? எல்லோரும் தேடிய இடத்தில்தான். அழுக்கில்.

வலெட்டாத் துறைமுகத்தில் சாக்கடை கலந்தது. வெயில் காலத்தில் நாற்றம் தாங்காது. காய்ச்சலும் வெயில் காலத்தில்தான் அதிகம். ஆகவே சாக்கடைக் காற்று. ஹியூஸே மலம் கலந்த மண்ணிலிருந்து கிளம்பும் நச்சுக் காற்றைத்தான் சந்தேகித்தார். அதற்குள் மலேரியாவுக்குக் கொசு காரணம் என்று நிரூபணமாகியிருந்ததால் கொசுவையும் பிடித்துப் பார்த்தார்கள். நோயாளியின் சிறுநீரில் கிருமி வெளியேறுவது தெரிந்ததும், அது காய்ந்து புழுதியில் பறக்கிறதோ என்று புழுதியோடு கிருமியைக் கலந்து குரங்குகளை அதில் விட்டுப் பார்த்தார்கள். துறைமுகத்து நீரையும் சோதித்தார்கள்.

அங்கங்கே கொஞ்சம் ஆதாரம் கிடைத்தது. எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை.

பொருந்தாத சங்கதிகள் மூன்று இருந்தன.

அழுக்குதான் காரணம் என்றால், நெரிசலான பாசறையில் கிடக்கும் சிப்பாய்க்கு அதிகம் வர வேண்டும். வந்ததோ அதிகாரிகளுக்கு. காற்றோட்டமான வீடு, சமையல்காரர், வேலையாள் என்று வாழ்ந்த அதிகாரிகளைத்தான் சிப்பாய்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தாக்கியது.

அடுத்தது ஆஸ்பத்திரி. பிகி என்ற இடத்திலிருந்த கடற்படை மருத்துவமனையில், வேறு ஏதோ நோய்க்கு வந்து படுத்தவர்களுக்கும் பணிவிடை செய்தவர்களுக்கும்கூட இந்தக் காய்ச்சல் தொற்றியது. கட்டடத்தின் மேல் பழி விழுந்தது. கழிவு நீர்க் குழாய்களின் மேலும்தான்.

மூன்றாவது, நாள் கணக்கு. இந்தக் கிருமி உள்ளே போன மறுநாளே ஆளைச் சாய்ப்பதில்லை. நம் உடலில் கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய ரத்த அணுக்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு மெல்லப் பெருகும். வாரக்கணக்கில் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் எதைக் குடித்தோம் என்று எவருக்கு நினைவிருக்கும்?

அதிகாரிகள் சிப்பாய்களைவிட அதிகமாக எதை உட்கொண்டார்கள்? ஆஸ்பத்திரியில் படுத்த ஒவ்வொருவருக்கும் டம்ளர் டம்ளராக எதைக் கொடுத்தார்கள்?

பதில் தினமும் காலையில் மணி ஆட்டிக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருந்தது.

*

மால்டாவில் அப்போது ஏறக்குறைய 20,000 ஆடுகள். பசுவை வைத்துக் கட்டிக்காக்கும் அளவுக்குத் தீவில் புல் இல்லை. சுண்ணாம்புப் பாறைத் தீவு. ஆட்டுப்பால்தான் பால்.

விடிந்ததும் மந்தை மந்தையாக ஆடுகள் வலெட்டாவுக்குள் வரும். நீண்ட காது, ரோமம் தொங்கும் உடம்பு, தரையைத் தொடுகிற மாதிரி மடி. வலெட்டா படிக்கட்டுத் தெருக்களின் நகரம். ஆடுகளுக்குப் படி ஒரு பொருட்டில்லை. ஒவ்வொரு வாசலிலும் மந்தை நிற்கும். வீட்டுக்காரி பாத்திரத்தோடு வருவாள். ஆட்டுக்காரன் குந்தி உட்கார்ந்து அவள் கண்ணெதிரே கறந்து கொடுப்பான். மாடியில் குடியிருப்பவர் கூப்பிட்டால் ஆட்டை மாடிக்கே ஓட்டிப்போய்க் கறப்பதும் உண்டு.

ஏன் இந்தச் சிரமம்? தண்ணீர் கலக்கவில்லை என்று காட்டத்தான். பழைய மதராஸில் பசுவை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்த பால்காரரை நினைவிருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கலப்படம் இல்லாத பால் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கறந்த சூட்டோடு தேநீரிலும் காபியிலும் அப்படியே ஊற்றிக்கொள்வார்கள். காய்ச்சாத பாலிலிருந்து ஜ்பெய்னா என்ற சிறு வட்டப் பாலாடைக் கட்டியும் செய்வார்கள். இன்றும் மால்டாவின் சாப்பாட்டு மேசையில் அதற்கு இடமுண்டு.

அழுக்கைத் தேடிப்போனவர்களின் கண்ணில் இந்த ஆடு படாததற்கு ஒரே காரணம்தான். அது கொழுகொழுவென்று இருந்தது. நோயாளி ஆடு என்றால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நன்றாக மேய்ந்தது, குட்டி போட்டது, பால் கொடுத்தது. அந்தப் பாலிலும் நிற மாற்றமில்லை, ருசி மாற்றமில்லை.

*

1905 ஜூன்.

ஸம்மிட்டின் ஆய்வுக்கூடம் வலெட்டாவில் காஸ்டெல்லானியா என்ற கட்டடத்தில் இருந்தது. ஒரு காலத்தில் நீதிமன்றமாகவும் சிறையாகவும் இருந்த இடம். அங்கே ஆறு ஆடுகள் வந்து சேர்ந்தன. சோதனைக்காக வாங்கியவை. கிருமியைச் செலுத்தினால் ஆட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது திட்டம்.

செலுத்துவதற்கு முன் அவற்றின் ரத்தத்தை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று ஸம்மிட் நினைத்தார். ஒழுங்கான ஆய்வாளர் யாரும் செய்வதுதான். பின்னால் வரும் மாற்றத்தை ஒப்பிட, முன்னால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமல்லவா?

அந்தச் சோதனை எளிமையானது. ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிற சீரத்தில் துளி எடுத்து, கிருமிகள் மிதக்கும் நீரில் கலக்க வேண்டும். உடல் அந்தக் கிருமியை முன்பே சந்தித்திராவிட்டால் நீர் கலங்கியபடியே இருக்கும். சந்தித்திருந்தால், சீரத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். கலங்கல் திரிந்து, சிறு சிறு கட்டியாகி அடியில் படியும், மேலே தெளியும்.

இந்த முறையை மால்டாக் காய்ச்சலுக்கு 1897-ல் கொண்டுவந்தவர்கள் ஆல்ம்ராத் ரைட்டும் டேவிட் செம்பிலும். செம்பில் பிறகு இந்தியாவுக்கு வந்து கசௌலியில் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி ஒன்றைச் செய்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரான அந்த வகை மருந்துதான், தொப்புளைச் சுற்றி ஊசி என்று நம் வீடுகளில் பிள்ளைகளைப் பயமுறுத்தியது. அது வேறு தொடருக்கான கதை.

முதல் ஆட்டின் சீரம் குழாயில் இறங்கியது. கிருமிகள் திரண்டன.

அடுத்ததும் திரண்டது.

ஆறில் ஐந்து.

இன்னும் ஒரு கிருமியைக்கூட அவர் செலுத்தவில்லை. தெருவிலிருந்து வந்த ஆடுகள் வரும்போதே அதைச் சந்தித்துவிட்டு வந்திருந்தன.

ஸம்மிட் அந்த நிமிடம் என்ன நினைத்தாரோ, யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் குழாய் பொய் சொல்கிறது, சோதனையில் பிழை என்று ஒதுக்கிவிட்டுத் திட்டப்படி ஊசியைக் குத்தியிருக்கலாம். பெரிய பெயர்கள் பலவும் குரங்கையும் கொசுவையும் பிடித்துக்கொண்டிருந்த நேரம். உள்ளூர்க்காரர் ஒருவர் ஊர் முழுக்கக் குடிக்கும் பாலைக் கைகாட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். அவர் மறைக்கவில்லை, ஆணையத்திடம் சொன்னார்.

ஹாராக்ஸ் உடனே அடுத்த அடியை எடுத்து வைத்தார். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது, ஆட்டைக் கிருமி என்றோ தொட்டது என்பதற்கு மட்டுமே சான்று. கிருமி வெளியே வருகிறதா? ஆரோக்கியமாகத் தெரிந்த ஆட்டின் பாலை எடுத்து வளர்த்துப் பார்த்தார். பாலில் கிருமி இருந்தது. உயிரோடு.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தீவெங்கும் ஆடுகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதி ஆடுகளின் ரத்தத்தில் அடையாளம். பத்தில் ஒன்று பாலில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பாலைக் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். குரங்குகளுக்குக் காய்ச்சல் வந்தது.

குரங்குக்கு வந்தால் மனிதனுக்கும் வருமா என்று அடம்பிடிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கான பதில் ஒரு கப்பலில் போய்க்கொண்டிருந்தது.

*

அமெரிக்க வேளாண் துறைக்கு மால்டா ஆட்டின் மேல் ஆசை. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு பாலா என்று வியந்து, தங்கள் நாட்டில் வளர்த்துப் பெருக்க ஆடு வாங்க ஆள் அனுப்பியது. 1905 ஆகஸ்டில் அறுபதுக்குச் சற்று அதிகமான ஆடுகள் ‘ஜோஷுவா நிக்கல்சன்’ என்ற நீராவிக் கப்பலில் ஏறின. பெரும்பாலும் கறவை ஆடுகள்.

நடுக்கடலில் புதுப் பால் கிடைத்தால் மாலுமி விடுவானா? அதிகாரிகளும் ஆட்களும் ஆசை தீரக் குடித்தார்கள். கப்பல் ஆன்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தது. ஆடுகள் வேறு கப்பலுக்கு மாறி அமெரிக்கா போயின. மாலுமிகள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் கலைந்தார்கள்.

சில வாரங்கள் கழித்து அவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஆணையம் தேடிப்போய்க் கண்டுபிடிக்க முடிந்த சிலரில் பெரும்பாலோருக்கு அதே காய்ச்சல், அதே ரத்தச் சோதனை முடிவு. அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூ ஜெர்சியில் ஆடுகளைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த இடத்தில், அந்தப் பாலைக் குடித்த ஒரு பெண்ணும் படுத்தார்.

வலெட்டாச் சாக்கடை நியூ ஜெர்சி வரை நாறியிருக்க முடியாது. துறைமுகப் புழுதியும் அங்கே போகவில்லை. ஆடு மட்டுமே போயிருந்தது. இவ்வளவு துல்லியமான ஒரு பரிசோதனையை எந்த ஆணையமும் மனிதர்களை வைத்துச் செய்ய அனுமதி கேட்டிருக்கவே முடியாது.

அந்த ஆடுகளை அமெரிக்கர்கள் கடைசியில் கொன்றுவிட்டார்கள்.

*

1906-ன் நடுவில் உத்தரவு வந்தது. படையினரின் உணவில் ஆட்டுப்பால் கூடாது. டப்பாப் பால் வந்தது.

1905-ல் தரைப்படையில் மட்டும் 600-க்கு மேற்பட்டவர்கள் இந்தக் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். 1907-ல் விரல் விட்டு எண்ணிவிடும் அளவுக்கு இறங்கியது. கடற்படையிலும் அதே சரிவு. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, சாக்கடையைக்கூடத் திருத்தவில்லை. நிறுத்தியது ஒரு டம்ளர் பாலை.

இந்த வெற்றியைப் பாடநூல்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. உத்தரவு பாசறையின் மதிலோடு நின்றது. மதிலுக்கு வெளியே மணிச் சத்தம் அப்படியே கேட்டது. டப்பாப் பால் வாங்கக் காசில்லாத வீட்டுக்கு ஆட்டுப்பால்தான் குழந்தையின் உணவு. ஆட்டுக்காரனுக்கு அதுதான் சோறு. பாலைக் காய்ச்சுங்கள் என்று சொன்னார்கள். கொதித்தால் கிருமி செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பார்க்க நன்றாயிருக்கும் ஆடு, கண்ணெதிரே கறந்த பால், இதில் என்ன இருக்கப்போகிறது என்றே பலரும் நினைத்தார்கள். இங்கிலீஷ்காரன் நம் ஆட்டின் மேல் பழி போடுகிறான் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. ஆள்பவன் சொல்லும் அறிவுரையை ஆளப்படுபவன் எளிதில் நம்புவதில்லை. அதற்கு அவனிடம் நியாயமும் இருக்கும்.

மால்டாவில் பாலைப் பதப்படுத்தி விற்க ஓர் அரசு நிலையம் திறக்க 1938 வரை ஆயிற்று. குழாயில் கிருமிகள் திரண்டு முப்பத்து மூன்று ஆண்டுகள். அதுவரை தீவின் மக்கள் அந்தக் காய்ச்சலைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஸம்மிட்டுக்கு 1930-ல் சர் பட்டம் கிடைத்தது. கிருமியின் குடும்பத்துக்கு 1920-ல் சூட்டிய பெயர் புருசெல்லா. புரூஸின் நினைவாக.

*

1905-ல் எல்லோரும் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால், வடக்கே எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்த ஒன்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டென்மார்க்கில் பசுக்கள் கன்றை நிறைமாதத்துக்கு முன்பே வீசிக்கொண்டிருந்தன. ஒரு தொழுவத்தில் ஒன்று வீசினால் அடுத்தடுத்து மற்றவையும் வீசும். 1897-ல் பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர், அப்படிப்பட்ட ஒரு பசுவின் கருப்பையிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். பெயர் பாசில்லஸ் அபார்ட்டஸ். அது மாட்டு நோய்; அதைப் படிப்பவர்கள் கால்நடை மருத்துவர்கள். புரூஸின் கிருமிக்குப் பெயர் மைக்ரோகாக்கஸ் மெலிடென்சிஸ். அது மனித நோய். அதைப் படிப்பவர்கள் ராணுவ மருத்துவர்கள். ஒன்றைக் கோல் வடிவம் என்று எழுதினார்கள். மற்றதை உருண்டை என்றார்கள். இரண்டு துறை, இரண்டு அலமாரி, இரண்டு பெயர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருபது ஆண்டுகள் எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு வாஷிங்டனில், அமெரிக்க வேளாண் துறையின் பால் பிரிவில் ஒரு பெண்ணுக்குத் தோன்றியது. பெயர் ஆலிஸ் எவன்ஸ். முனைவர் பட்டம் கிடையாது. நோயில்லாத பசுவின் மடியிலிருந்து கறந்த புதுப் பாலில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுப்பது அவருடைய வேலை. ஒரு நாள் அவர் இரண்டு அலமாரிகளையும் திறந்தார்.

கறக்கும் பசும்பால் சுத்தமானது என்று அப்போது அமெரிக்காவே நம்பியது. கன்று வீசும் பசுவின் கிருமி மனிதனைத் தொடாது என்று பெரிய பேராசிரியர்கள் சொன்னார்கள். அந்தப் பசுக்களின் பால் அமெரிக்க நகரங்களின் வாசல்களில் தினமும் போத்தல் போத்தலாக இறங்கிக்கொண்டிருந்தது.

மால்டா ஆட்டின் கிருமியும் டென்மார்க் பசுவின் கிருமியும் ஒன்றேதான் என்றால், மருத்துவர்கள் டைபாய்டு என்றும் மலேரியா என்றும் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த காய்ச்சல்களில் எத்தனை இந்தப் பாலிலிருந்து வந்தவை?

(தொடரும்)